என் தங்கை தல்லே வாங்கிய பாய்லர்

என் தங்கை தல்லே படுக்கும் அறையின் தரைக்கு இருபது குளிர்காலமாகச் சூடு போகவில்லை. அதைத் தடுத்து வைத்திருந்தது விரல் நீளமுள்ள ஒரு சிவப்புப் பிடி.

எங்கள் ஊரான ஜேச்சோனில் மார்கழிக் குளிரில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுத் தூங்கினால், காலையில் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் தண்ணீர் விழாது. அதனால்தான் எல்லா வீட்டிலும் தரைக்கு அடியில் சுடுதண்ணீர்க் குழாய் ஓடுகிறது. தல்லேயின் புருஷன் மான்சுவின் வீட்டில் பாய்லர் கொல்லைப்புறக் கொட்டகையில் இருந்தது. அதிலிருந்து வரும் சுடுதண்ணீர் அடுப்படித் தொட்டிக்குக் கீழே ஒரு பித்தளைக் கட்டையில் நான்காகப் பிரியும். பெரிய அறைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, பையன் அறைக்கு ஒன்று, தல்லேயின் அறைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் திறந்து மூட ஒரு சிவப்புப் பிடி. மூன்று பிடிகள் இருந்த இடத்தில் இருந்தன. நான்காவதை என் தங்கையின் மாமியார் மூடி, கழற்றி, தன் கம்பளிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் போட்டுக்கொண்டாள்.

அவள் அதை முதலில் கழற்றியது தல்லே பிள்ளை பெற்ற வாரம். பெற்றவள் மூன்று வாரமாவது கொதிக்கிற தரையில் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எலும்புக்குள் காற்று ஏறிச் சாகும்வரை இறங்காது. எங்கள் ஊரில் இது தெரியாதவர்கள் கிடையாது. மாமியாருக்கும் தெரியும். அவளே மூன்று பெற்றவள். பெற்றவளுக்குச் சூப்பு வைக்கக் கடற்பாசி வாங்கிக்கொண்டு நான் பார்க்கப் போயிருந்தேன். தல்லே பிள்ளையை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தாள். தரையில் கை வைத்தேன். கல்லறையில் கை வைத்த மாதிரி இருந்தது.

"அத்தை, தரை சில்லுன்னு இருக்கே, எதுவும் அடைச்சிருச்சா?" என்று கேட்டேன். மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"அடைக்கல. நான்தான் மூடினேன். படுத்தே கெடக்கிற உடம்புக்கு எதுக்குச் சூடு? எந்திரிச்சு நடந்தா தானா வருது."

"பெத்த உடம்பு அத்தை."

"நான் பெத்த மறுநாள் மாட்டுக்குத் தவிடு வேக வச்சேன். உன் தங்கச்சி என்ன ராசா வீட்டுப் பொண்ணா? பிள்ளைய வேணா என் அறைக்குக் கொண்டு வா. அது எங்க ரத்தம்."

பிள்ளை பெரிய அறைக்குப் போனது. குளிர்காலம் வந்தால் மான்சுவும் அங்கேயே போய்விடுவான். சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன் சூடாகத் தூங்க வேண்டும் என்று அவன் அம்மா சொல்லிவிட்டாள். மான்சு கெட்டவன் இல்லை. அம்மா பேசும்போது சாப்பாட்டுக் கிண்ணத்துக்குள் பார்ப்பான், அவ்வளவுதான். அவனுக்கு மேல் பிறந்த அண்ணன் சிறு வயதிலேயே போய்விட்டான். கீழே பிறந்த தங்கை வொன்ஜுவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

தல்லேயின் முட்டியில் அந்தக் காற்று ஏறியது ஏறியதுதான். ஆடி மாத வெயிலிலும் கம்பளிக் காலுறையை வெட்டி முட்டியில் மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். ஒருமுறை அவள் கறிகாய்க் கடையில் வேலை செய்து மின்சாரத்தில் சூடேறும் ஒரு பாய் வாங்கினாள். இரண்டு நாள் படுத்தாள். மூன்றாம் நாள் பாயைக் காணோம். மாமியார் அதைப் பெரிய அறை மூலையில் விரித்து, மேலே சோயாக் கட்டிகளை வரிசையாக அடுக்கி, போர்வை போர்த்தியிருந்தாள். புளிக்க வைப்பதற்காக.

"கட்டிக்குச் சூடு பத்தலன்னா வருஷம் முழுக்கக் குழம்பு கசக்கும். உனக்குச் சூடு பத்தலன்னா என்ன கசக்கப் போகுது?" என்றாளாம்.

இதை என்னிடம் சொல்லும்போது தல்லே அழவில்லை. அவள் சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அடி வாங்கினால் எந்த இடத்தில் பட்டது என்று பார்த்து வைத்துக்கொள்வாள். நானும் அவளும் எட்டாவதோடு நின்றவர்கள். ஆனால் எங்கள் வீட்டில் எண்ணாமல் எதையும் வாங்கியதில்லை, பிரித்துப் பார்க்காமல் எதையும் மூடியதில்லை. அந்த விஷயத்தில் அவள் என்னையும் மிஞ்சியவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

பையன் பட்டாளத்துக்குப் போன வருடம், இலையுதிர் காலத்தில், பழைய மண்ணெண்ணெய் பாய்லர் தொண்டையைச் செருமிவிட்டு நின்றுபோனது. அதே வருடம் அவர்கள் சந்துக்குக் காஸ் குழாயும் வந்தது. புது பாய்லர் வாங்கியே ஆக வேண்டும். தல்லே என் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னாள்.

"அக்கா, பணம் அவங்களது. வீடும் அவங்களது. வாங்கறதும் அவங்க வாயால சொல்றதைத்தான் வாங்குவாங்க. ஆனா கடைக்காரன் சொல்ற ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன அர்த்தம்னு அந்த வீட்டுல எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கணும்."

மூன்று கடைகள் ஏறினோம். முதல் இரண்டு கடையிலும் விலைத்தாளைக் கையில் திணித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த போங் என்பவரின் கடை. மத்தியான நேரம், வியாபாரம் இல்லை, பேசுவதற்கு ஆள் கிடைக்காமல் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இதுதாம்மா பெரிசு. முப்பதாயிரம் கிலோகலோரி. யானையையே வேக வைக்கலாம்."

"எங்க வீட்டுல யானை இல்ல. கிலோகலோரின்னா என்ன?"

"பலம். ஒரு மணி நேரத்துல எவ்வளவு சூடு குடுக்கும்ங்கிற பலம்."

"சின்ன வீட்டுக்குப் பெரிய பலம் வச்சா என்ன ஆகும்?"

போங் கடலையைக் கீழே வைத்தார். "பட்டுன்னு எரியும், பட்டுன்னு அணையும். நாள் முழுக்க அதே வேலையா இருக்கும். சீக்கிரம் கெட்டுப்போகும். யாரும்மா உங்களை அனுப்பிச்சது? எதிர்க் கடைக்காரனா?"

பிறகு அவர் விரித்துச் சொன்னார். கன்டென்சிங் என்றால், புகையோடு வீணாகப் போகிற சூட்டைப் பிடித்து மறுபடி தண்ணீருக்கே கொடுக்கும் பாய்லர். காஸ் குறைவாகப் பிடிக்கும். ஆனால் புகை குளிர்ந்து தண்ணீராகிச் சொட்டும். சோற்றுப்பானை மூடியில் ஆவி சொட்டுகிற மாதிரி, நாள் முழுக்கச் சொட்டும். அந்தத் தண்ணீரைச் சாக்கடைவரை கொண்டுபோக ஒரு குழாய் போட்டே ஆக வேண்டும். சுவரில் மாட்டும் சின்னப் பெட்டியில் இரண்டு வழி உண்டு. ஒன்று அறைச் சூடு, பெட்டி இருக்கிற இடத்தின் காற்றை அளந்து எரியும். இன்னொன்று தரைச் சூடு, குழாய்த் தண்ணீரை அளந்து எரியும். பெட்டி வெயில் படும் அறையில் இருந்து, அறைச் சூட்டில் வைத்தால், அந்த அறை சூடானதும் பாய்லர் நின்றுவிடும். நிழல் பக்கத்து அறைக்காரர் விறைத்துப் போவார். 'வெளியே' என்று ஒரு பொத்தான் உண்டு. வீட்டில் ஆள் இல்லாதபோது குழாய் உறையாமல் இருக்க மட்டும் எரியும். அதில் ஆள் குடியிருக்க முடியாது.

"இன்னொண்ணு இருக்கு, தனித்தனி அறைன்னு. பித்தளைக் கட்டைல கைப்பிடியே இருக்காது. ஒவ்வொரு குழாய் மேலயும் ஒரு குட்டி மோட்டார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெட்டி. தலைமைப் பெட்டி ஒண்ணு, அதுல இருந்து எல்லா அறையையும் பாக்கலாம், மூடலாம்."

"தலைமைப் பெட்டில மூடினதை, அறைப் பெட்டில தொறக்க முடியுமா?"

"முடியும். கடைசியா யார் அமுக்கறாங்களோ அதுதான்."

"அறைப் பெட்டியைப் பூட்ட முடியுமா?"

"முடியும்மா. இந்தப் பொத்தானையும் அந்தப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடிச்சா லாக். அப்புறம் தலைமைல இருந்தும் அசைக்க முடியாது. புள்ளைங்க விளையாடாம இருக்கறதுக்கு. வீட்டுல சின்னப் புள்ளை இருக்கா?"

"ஒண்ணு இருக்கு" என்றாள் தல்லே. "எண்பது வயசு."

போங் சிரித்த சிரிப்பில் கடலைத்தோல் பறந்தது. நானும் சிரித்தேன். தல்லே சிரிக்கவில்லை. பொத்தான்கள் இரண்டையும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை இனிமேல்தான் இருந்தது. தல்லே 'இதை வாங்கலாம்' என்று சொன்னால் மாமியார் வேறொன்றைத்தான் வாங்குவாள். குளிர்காலத்துக்குக் கோசு ஊறுகாயான கிம்சி போடும் நாளில் நான் உதவிக்குப் போயிருந்தேன். எல்லோர் கையும் மிளகாய் விழுதில் சிவந்திருந்தது. தல்லே கோசுக்கு உள்ளே விழுதைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"அந்தத் தனித்தனி அறை பாய்லர் மட்டும் வேணாம் அத்தை."

"ஏன் வேணாம்?"

"தலைமைப் பெட்டி ஒருத்தர் கைல இருக்குமாம். படுத்த எடத்துல இருந்தே எந்த அறையை வேணாலும் மூடிடலாமாம். அடுப்படிக்குக் குனிஞ்சு போகக்கூட வேணாமாம். எதுக்கு நமக்கு அதெல்லாம்?"

மாமியாரின் கை கோசுக்குள் நின்றது. பொத்தான் போட்ட சட்டைப் பையை ஒருமுறை முழங்கையால் தொட்டுக்கொண்டாள்.

"மான்சு, அதையே வாங்கு. தலைமைப் பெட்டி என் அறைல."

மான்சு விழுதுக் கிண்ணத்துக்குள் பார்த்தபடி தலையாட்டினான். மூடலாம் என்றதும் அவளுக்குப் போதுமாக இருந்தது. திறக்கவும் முடியுமா என்று கேட்கவே இல்லை. ஒரு பொருளை வாங்கும்போது தனக்குப் பிடித்த பாதியை மட்டும் கேட்டுக்கொள்கிறவர்கள் மற்றப் பாதியையும் சேர்த்தேதான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

போங் இரண்டு ஆட்களோடு வந்தார். தலைமைப் பெட்டியை எங்கே மாட்டுவது என்று கேட்டார். மாமியார் எங்கள் ஊர்ப் பெண்களில் நல்ல உயரம். தல்லே குள்ளம். மாமியார் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தன் நெற்றிக்கும் மேலே கை நீட்டிக் காட்டினாள்.

"இங்க. எனக்கு எட்டணும். இவளுக்கு எட்டக் கூடாது."

"அவ்வளவு உசரத்துல யாரும் மாட்டறதில்ல பாட்டிம்மா."

"நீ மாட்டு. வீட்டுக்காரி நானா நீயா?"

மாட்டினார். பிறகு கொட்டகைக்குப் போய்ச் சொட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு அளவெடுத்தார். சாக்கடை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. தரையைத் தோண்ட வேண்டும், அதற்குத் தனிக் கூலி.

"சொட்டுத் தண்ணிக்குக் குழாயா?" என்றாள் மாமியார். "என்னை என்னன்னு நெனச்ச? சொட்டட்டும். தரை குடிச்சுக்கும்."

"சிமெண்ட் தரை பாட்டிம்மா. குடிக்காது. குளிர்ல..."

"உன் வேலை முடிஞ்சுது. போ."

போங் தல்லேயைப் பார்த்தார். அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று அந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தல்லே கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டாள். புரிந்துகொண்ட எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. இருபது வருடம் அவள் பேச்சை யாரும் கேட்டதும் இல்லை.

அந்தக் குளிர்காலம் பிறந்ததும் மாமியார் தன் பெட்டியில் தல்லேயின் அறையை மூடினாள். பெட்டியில் அந்த அறையின் விளக்கு அணைந்தது. திருப்தியாகப் படுத்தாள். தல்லே தன் அறையில் பொத்தானை அமுக்கித் திறந்து, பூட்டினாள். இருபது வருடத்தில் முதல் முறையாக அவளுடைய தரை சூடானது. மறுநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள், முதுகு வெந்துபோய்த் திரும்பித் திரும்பிப் படுத்தாளாம், வெறும் சந்தோஷத்தில்.

எங்கள் ஊரில் கிழவிகள் பெட்டி காட்டும் எண்ணை நம்ப மாட்டார்கள். தரையில் விரித்த போர்வைக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தால்தான் அவர்களுக்குச் சூடு சூடு. சில நாள் கழித்து மாமியார் எதற்கோ தல்லேயின் அறைக்குள் வந்தவள், பழக்கத்தில் போர்வைக்குக் கீழே கையை விட்டாள். நான் அப்போது அங்கே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"இது என்ன இப்படிக் கொதிக்குது? நான் மூடினேனே!"

"நான் தொறந்தேன் அத்தை."

"எவ கைல பிடி இருக்கு?"

"பிடியே கெடையாது அத்தை. நீங்கதான் இதை வாங்கச் சொன்னீங்க."

மாமியார் பெட்டியின் எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள். பெட்டி பீப் பீப் என்று கத்தியதே தவிர அசையவில்லை. சுவரில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"காசு என்னது, வீடு என்னது, சூடு மட்டும் உன்னதா? அந்தக் கடைக்காரன் சொன்ன குட்டி மோட்டாரைப் பிடுங்கி நாய்க்குப் போடறேன் பார்!"

மோட்டார்கள் அடுப்படித் தொட்டிக்குக் கீழே, பழைய பிடிகள் இருந்த அதே இடத்தில்தான் இருந்தன. குனிந்திருந்தால் கையில் கிடைத்திருக்கும். ஆனால் புது விஷயம் எல்லாம் பாய்லரில்தான் இருக்கும் என்று அவளாக முடிவு செய்துகொண்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைக் கொட்டகைக்கு ஓடினாள். ஒரு வாரமாகச் சொட்டிய தண்ணீர் அங்கே சிமெண்ட் தரையில் பனிக்கட்டியாகி, கண்ணாடி மாதிரிப் படர்ந்திருந்தது.

விழுந்த சத்தத்தை நாங்கள் இருவரும் கேட்டோம். தல்லே கையில் இருந்த ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டுத்தான் எழுந்தாள்.

இடுப்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டி, தைத்து, இனி நடப்பது கஷ்டம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய அறையில் விரிப்பு போட்டுக் கிடத்தினோம். சுவரைப் பார்த்தபடி. அவள் கேட்டு மாட்டிய உயரத்தில், அவள் படுத்தால் நேராகக் கண்ணில் படும் இடத்தில், தலைமைப் பெட்டி இருந்தது.

மான்சு வேலைக்குக் கிளம்பியதும் தல்லே கிம்சித் தொட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். பெரிய அறையை 'வெளியே' பொத்தானில் வைத்தாள். இரண்டு பொத்தானையும் சேர்த்துப் பிடித்துப் பூட்டினாள். வீட்டை விட்டு வெளியே போகும் ஆளின் படம் ஒன்று பெட்டியில் மஞ்சளாக எரியும். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் படம் தெரியும்.

"ஏண்டி, என்ன பண்ற? சில்லுன்னு ஆயிடும்டி."

"படுத்தே கெடக்கிற உடம்புக்கு எதுக்குச் சூடு அத்தை? எந்திரிச்சு நடந்தா தானா வருது."

சொல்லிவிட்டு இறங்கி, தொட்டியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள். கஞ்சி வேளாவேளைக்குப் போனது. துணி மாற்றினாள், முதுகைத் துடைத்தாள். அவற்றில் எதிலும் யாரும் குறை சொல்ல முடியாது. அறை மட்டும் குழாய் உறையாத அளவுக்கு இருந்தது. மான்சு? சத்தம் வராத இடம் எதுவோ அதுவே அவன் இடம். இப்போது தல்லேயின் அறையில் சூடாகத் தூங்குகிறான். சாப்பிடும்போது கிண்ணத்துக்குள் பார்க்கிறான்.

புத்தாண்டுக்கு முன்னால் வொன்ஜுவிலிருந்து மாமியாரின் மகள் வந்தாள். அவள் வருகிற நாள் தல்லேக்கு முன்பே தெரியும். காலையிலேயே தொட்டி மேல் ஏறிப் பூட்டை எடுத்துத் தரையைக் கொதிக்க விட்டிருந்தாள். நானும் அன்று பலகாரம் கொண்டு போயிருந்தேன்.

"இவ என்னைக் குளிர்ல போட்டுக் கொல்றா" என்றாள் மாமியார், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. "பாக்கறேன் நான், படுத்துக்கிட்டே பாக்கறேன், அந்தப் படம் எரியுது. எட்ட மாட்டேங்குது."

மகள் போர்வைக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்தாள். நுழைத்த வேகத்தில் வெளியே எடுத்தாள்.

"ஐயோ, சுடுதும்மா! கை வைக்க முடியல. நீங்க என்னடான்னா குளிருதுங்கறீங்க."

"இன்னைக்குத்தாண்டி..."

"போதும்மா. அண்ணி, நீங்க எப்படித்தான் தாங்கறீங்களோ! எனக்கெல்லாம் இவ்வளவு பொறுமை கெடையாது. வயசானா இப்படித்தான் பேசுவாங்க, மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் தல்லே. "சூப்பு ஆறிடும், சாப்பிடுங்க."

மகள் நாலு மணி பேருந்துக்குப் போய்விட்டாள். தெருமுனைவரை வழியனுப்பிவிட்டு வந்த தல்லே, வாசலில் இருந்த கிம்சித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய அறைக்குள் போனாள். நானும் கதவருகில் நின்றேன். தொட்டியைப் பார்த்ததும் கிழவி சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினாள். உள்ளே இருந்து அந்தச் சிவப்புப் பிடியை எடுத்தாள். இருபது வருடம் கையிலும் பையிலும் தேய்ந்து விளிம்பில் வெளுத்திருந்தது. அதைத் தல்லேயிடம் நீட்டினாள்.

"இந்தா. எடுத்துக்க. உன் அறையை நீயே தொறந்துக்க. நான் மூட மாட்டேன்."

தல்லே அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது மாட்டுவதற்கு அந்த வீட்டில் இப்போது எந்த வால்வும் இல்லை. குனிந்து, அதைக் கிழவியின் பையிலேயே போட்டு, பொத்தானை மாட்டிவிட்டாள்.

"வச்சுக்கங்க அத்தை. உங்களதுதானே."

பிறகு தொட்டியைக் கவிழ்த்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அன்று மான்சு இரவு ஷிப்ட்டுக்குப் போயிருந்ததால் நான் அவளுடைய அறையில் தங்கினேன். மீதிப் பலகாரத்தைத் தின்றுகொண்டு, பையன் பட்டாளத்திலிருந்து வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் கிழவி கட்டையால் பெட்டியைத் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிளாஸ்டிக் சத்தம். தரை அவ்வளவு சூடாக இருந்ததால் நான் ஒரு பக்கமாகப் படுக்க முடியாமல் புரண்டு படுத்தேன்.

"குறைக்கட்டுமா அக்கா?" என்றாள் தல்லே.

"வேண்டாம்" என்றேன். "இப்படியே இருக்கட்டும்."